பெயரேட்டின் நம்பிக்கையாளர் ஜொன் பொஸ்டெல்

காணிக்கும் கட்டடத்துக்கும் விலை பேசிப் பழகிய உலகம், கடந்த முப்பது ஆண்டுகளாகப் பெயர்களுக்கும் விலை பேசி வருகின்றது. வொய்ஸ் டொட் கொம் என்ற ஒரேயொரு இணைய முகவரி 2019ஆம் ஆண்டில் மூன்று கோடி அமெரிக்க டொலருக்குக் கைமாறியது. அந்த விலைக்கு வாங்கியவருக்குக் கிடைத்தது ஒரு கட்டடமோ இயந்திரமோ அன்று; பதிவேடொன்றில் ஒரு வரி மாத்திரமே. உலகில் இன்று இவ்வாறு பதிவு செய்யப்பட்டுள்ள ஆள்களப் பெயர்கள் 35 கோடிக்கும் அதிகம். அவற்றைப் பதிவு செய்வதும் புதுப்பிப்பதும் விற்பதும் பெரும் வர்த்தகமாகிவிட்டன.

இப்பெரும் பதிவேட்டைப் பல ஆண்டுகளாகத் தமது பொறுப்பில் வைத்திருந்தும், அதிலிருந்து தமக்கென ஒரு செல்வத்தையும் திரட்டிக் கொள்ளாத ஒரு மனிதர் இருந்தார். இணையத்தைக் கட்டியெழுப்பியோர் வரிசையில் முன்னணியில் வைத்துப் போற்றப்படும் ஜொன் பொஸ்டெல் அவர். நீண்ட தாடியும் காலில் செருப்புமாகப் பல்கலைக்கழகக் கூடங்களில் நடமாடிய அம்மனிதர் மறைந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. அவர் விட்டுச் சென்ற கேள்வியோ இன்னும் மறையவில்லை. பெயர் என்பது விற்பனைப் பொருளா, அன்றி ஒரு சமூகத்தின் பொருட்டுக் காக்கப்பட வேண்டிய நம்பிக்கைப் பொறுப்பா என்பதே அக்கேள்வி.

ஜொனதன் புரூஸ் பொஸ்டெல் 1943ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள அல்டடேனாவில் பிறந்தார். வான் நைஸ் உயர்தரப் பாடசாலையில் கல்வி கற்றார். பிற்காலத்தில் இணையத்தின் அடிப்படை நெறிமுறைகளை வகுத்த வின்ட் சேர்ஃப், ஸ்டீவ் குரொக்கர் ஆகியோரும் அதே பாடசாலையின் மாணவர்களே. லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1966இல் இளமாணிப் பட்டத்தையும் 1968இல் முதுமாணிப் பட்டத்தையும் பெற்ற அவர், 1974இல் கணினி விஞ்ஞானத்தில் கலாநிதியானார்.

அவர் மாணவராயிருந்த காலத்திலேயே அப்பல்கலைக்கழகத்தில் வரலாறு பிறந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் நிதியுதவியுடன் உருவான ஆர்பாநெட் என்னும் கணினி வலையமைப்பின் முதற் செய்தி, 1969ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி அங்கிருந்துதான் ஸ்டான்போர்ட் ஆய்வு நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் அவ்வலையமைப்பில் இணைந்திருந்த நிலையங்கள் நான்கு மாத்திரமே. பேராசிரியர் லெனார்ட் கிளைன்ரொக்கின் தலைமையில் இயங்கிய ஆய்வுக் குழுவில் பொஸ்டெலும் ஒருவர்.

கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான விதிகளை இக்குழுவினர் சிறு குறிப்புகளாக எழுதித் தமக்குள் சுற்றுக்கு விட்டனர். கருத்துரை வேண்டும் குறிப்புகள் என்று பொருள்படும் ஆர்.எஃப்.சி. என்ற பெயரில் அமைந்த இக்குறிப்புகளில் முதலாவதை 1969 ஏப்ரலில் ஸ்டீவ் குரொக்கர் எழுதினார். அவற்றைத் தொகுத்து, செப்பனிட்டு, இலக்கமிட்டு வெளியிடும் பதிப்பாசிரியர் பணி பொஸ்டெலைச் சேர்ந்தது. கூலியோ புகழோ எதிர்பாராது ஏற்றுக்கொண்ட இப்பணியை அவர் தமது இறுதி நாள்வரை கைவிடவில்லை. இன்றைய இணையத்தின் சட்டநூல் எனத்தக்க அந்த ஆவணங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை அவர் காலத்தில் வெளிவந்தவை. தரவுகளைச் சிறு பொதிகளாக்கி உரிய இடத்துக்கு அனுப்பும் நெறிமுறைகளை விளக்கும் 1981ஆம் ஆண்டு ஆவணங்களையும், மின்னஞ்சல் பரிமாற்றத்துக்கான 1982ஆம் ஆண்டு ஆவணத்தையும் செப்பனிட்டு எழுதியவரும் அவரே.

இதனோடு சேர்ந்து வந்தது மற்றொரு பணி. வலையமைப்பில் எந்த இலக்கம் எந்தத் தேவைக்குப் பயன்படுத்தப்படுகின்றது என்பதை எவராவது ஒருவர் எழுதிவைக்க வேண்டியிருந்தது. இருவர் ஒரே இலக்கத்தை வெவ்வேறு தேவைகளுக்குப் பயன்படுத்தினால் முழு அமைப்புமே குழம்பிவிடும். எனவே இலக்கங்களை வழங்கும் பொறுப்பு ஒருவரிடம் இருக்க வேண்டும் என 1972இல் பொஸ்டெல் முன்மொழிந்தார். அப்பொறுப்பைத் தாமே ஏற்றார். அவர் கையிலிருந்த அந்தப் பட்டியலே பின்னர் ஐ.ஏ.என்.ஏ. என்னும் இணைய இலக்க ஒதுக்கீட்டு அதிகாரசபையாகப் பெயர் பெற்றது. அதிகாரசபை என்ற சொல்லைக் கேட்டதும் பெரிய கட்டடத்தையும் பணிப்பாளர்களையும் நாம் கற்பனை செய்வோம். ஆனால் நீண்டகாலமாக அந்த அதிகாரசபை என்பது பொஸ்டெலும், ஜொய்ஸ் ரெனோல்ட்ஸ் என்ற அவருடைய சக ஊழியரும், மிகச் சில உதவியாளர்களுமே. 1977இல் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தகவல் விஞ்ஞான நிறுவனத்தில் இணைந்த பொஸ்டெல், தமது மறைவுவரை அங்கிருந்தே இப்பணியை ஆற்றினார்.

ஆள்களப் பெயர்கள் பிறந்த கதையை இவ்விடத்தில் நோக்குவது பொருத்தமாகும். வலையமைப்பிலுள்ள கணினி ஒவ்வொன்றுக்கும் உரிய முகவரி உண்மையில் ஓர் இலக்கத் தொடரே. மனிதரால் நினைவில் வைத்துக்கொள்ள இலகுவாக ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் சூட்டப்பட்டது. எந்தப் பெயருக்கு எந்த இலக்கம் என்பதைக் காட்டும் ஒரேயொரு கோப்பினைக் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்ட் ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணியின் தலைமையிலான குழு பராமரித்து வந்தது. ஏனைய நிலையங்கள் யாவும் அக்கோப்பை அவ்வப்போது பிரதி செய்துகொள்ளும். நூற்றுக்கணக்கான கணினிகள் இருந்தவரை இம்முறை போதுமானதாயிருந்தது. ஆயிரங்களாகப் பெருகத் தொடங்கியபோது கோப்பு தாங்கவில்லை, பிரதிகள் பழையனவாயின, பெயர்கள் மோதிக்கொண்டன.

இதற்குத் தீர்வு காணும் பணியைப் பொஸ்டெல் தமது நிறுவனத்திலிருந்த போல் மொக்கபெட்ரிஸிடம் ஒப்படைத்தார். 1983ஆம் ஆண்டு நவம்பரில் மொக்கபெட்ரிஸ் முன்வைத்த ஆள்களப் பெயர் முறைமை, ஒரே பட்டியல் என்ற எண்ணத்தையே கைவிட்டது. பெயர்கள் தலைகீழாக நிற்கும் மரம்போன்று கிளைபிரிந்தன. உச்சியில் வேர், அதன் கீழ் உயர்மட்ட ஆள்களங்கள், அவற்றின் கீழ் நிறுவனங்கள், அவற்றின் கீழ் தனிக் கணினிகள். ஒவ்வொரு கிளைக்கும் உரியவர் தமது கிளையின் பெயர்களைத் தாமே பராமரிப்பார். கிராமத்து விதானையிடம் கிராமத்தின் விபரமும், மாவட்டச் செயலகத்தில் கிராமங்களின் விபரமும் இருப்பதைப் போன்றதே இந்த ஏற்பாடு.

உச்சியில் எவ்வெப் பெயர்கள் இருக்க வேண்டும் என்பதை 1984 ஒக்டோபரில் பொஸ்டெலும் ரெனோல்ட்ஸும் எழுதிய ஆவணம் வரையறுத்தது. வர்த்தகத்துக்குக் கொம், கல்விக்கு எடு, அமெரிக்க அரசுக்குக் கொவ், இராணுவத்துக்கு மில், ஏனைய அமைப்புகளுக்கு ஓர்க் என அவை அமைந்தன. நாடுகளுக்கு ஈரெழுத்துக் குறியீடுகள் ஒதுக்கப்பட்டன. சிம்பொலிக்ஸ் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனம் 1985ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் திகதி கொம் ஆள்களத்தில் முதற் பெயரைப் பதிவு செய்தது. அதற்கு எவரும் ஒரு சதமும் அறவிடவில்லை. பின்னர் கோடிக்கணக்கில் விலைபோன பெயர்கள் யாவும் கேட்டவருக்கு இலவசமாகக் கிடைத்த காலம் அது.

நாடுகளின் குறியீடுகள் விடயத்தில் பொஸ்டெல் காட்டிய நிதானம் நம்மைப் போன்ற நாடுகளின் வாசகர் கவனிக்கத்தக்கது. எது நாடு, எது நாடன்று என்ற வழக்கைத் தீர்க்கும் நீதிபதியாகத் தம்மை அவர் ஆக்கிக்கொள்ளவில்லை. சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் 3166ஆம் இலக்கப் பட்டியலில் உள்ள குறியீட்டை அப்படியே ஏற்றுக்கொள்வது என்ற விதியை வகுத்துக்கொண்டார். அரசியல் புயல் வீசும் இடத்தில் தொழில்நுட்பவியலாளர் ஒதுங்கி நிற்பதற்கான வழியாக அது அமைந்தது. இவ்விதியின் பயனை உலகம் பின்னர் கண்டது. இந்தோனேசியாவின் ஆக்கிரமிப்பில் இருந்த கிழக்குத் திமோருக்கு, போர்த்துக்கேயத் திமோர் என்ற பழைய பெயரின் குறியீடு அப்பட்டியலில் இருந்தமையால், 1997இல் அயர்லாந்து நிறுவனமொன்றின் துணையுடன் தனி ஆள்களம் கிடைத்தது. நாடு விடுதலை பெறுவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே அதன் பெயர் இணையத்தில் இடம்பெற்றுவிட்டது. 1999இல் பலஸ்தீனப் பிரதேசம் அதே பட்டியலில் சேர்க்கப்பட்டதைத் தொடர்ந்து 2000ஆம் ஆண்டு மார்ச்சில் அதற்கும் பீ.எஸ். என்ற ஆள்களம் வழங்கப்பட்டது. அப்போது பொஸ்டெல் உயிருடன் இல்லை. அவர் வகுத்த விதி இருந்தது.

எமது நாட்டுக்குரிய எல்.கே. என்ற ஆள்களமும் 1990இல், இப்பதிவேடு பொஸ்டெலின் பொறுப்பில் இருந்த காலத்திலேயே ஒப்படைக்கப்பட்டது. அன்று பல நாடுகளில் நடந்தவாறே இங்கும் பல்கலைக்கழகக் கல்விமான்களே அப்பொறுப்பை ஏற்றனர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்ததாகவே எல்.கே. பதிவகம் வளர்ந்தது.

பொஸ்டெலின் சிந்தனையை முழுமையாக வெளிப்படுத்துவது 1994 மார்ச்சில் அவர் வெளியிட்ட 1591ஆம் இலக்க ஆவணமாகும். ஓர் ஆள்களத்தைப் பராமரிப்பவர் அதன் உரிமையாளர் அல்லர். தமது நாட்டு மக்களுக்காகவும் உலக இணையச் சமூகத்துக்காகவும் அதனைக் காக்கும் நம்பிக்கையாளரே என்று அது வகுத்தது. உரிமையையும் உடைமையையும் பற்றிப் பேசுவது பொருத்தமற்றது, பொறுப்பையும் சேவையையும் பற்றியே பேச வேண்டும் என்பது அதன் சாரம். ஆலயத்தின் அறங்காவலருக்கு ஆலயக் காணி சொந்தமில்லை. பள்ளிவாசலின் நம்பிக்கையாளர் சபைக்கு வக்பு சொத்து சொந்தமில்லை. அமானிதமாக ஒப்படைக்கப்பட்ட பொருளை வைத்திருப்பவர் அதற்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். எமது சமூகங்கள் நெடுங்காலமாக அறிந்த இந்த நெறியையே, அவற்றை அறிந்திராத பொஸ்டெல் இணையத்தின் பெயரேட்டுக்குப் பொருத்தினார்.

ஆனால் காலம் அவருக்குச் சாதகமாக இருக்கவில்லை. 1990களில் உலகளாவிய வலை பரவியதும் பெயர்களின் பெறுமதியை வணிக உலகம் உணரத் தொடங்கியது. 1994இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒருவர் மக்டொனால்ட்ஸ் உணவு நிறுவனத்தின் பெயரைத் தமது பெயரில் பதிவு செய்து காட்டினார். இறுதியில் பாடசாலை ஒன்றுக்கு அந்நிறுவனம் உதவி வழங்கியே பெயரைப் பெற்றுக்கொண்டது. 1993 முதல் கொம், நெட், ஓர்க் பெயர்களைப் பதிவு செய்யும் ஒப்பந்தத்தைப் பெற்றிருந்த நெட்வேர்க் சொலூஷன்ஸ் நிறுவனம், 1995 செப்டெம்பரில் இரண்டு ஆண்டுகளுக்கு 100 டொலர் என்ற கட்டணத்தை அறவிடத் தொடங்கியது. அன்றிலிருந்து பெயர் சந்தைப் பொருளாயிற்று. 1999இல் பிஸ்னஸ் டொட் கொம் 75 இலட்சம் டொலருக்கு விற்பனையானது. 2000ஆம் ஆண்டில் நெட்வேர்க் சொலூஷன்ஸை வெரிசைன் நிறுவனம் ஏறத்தாழ 2,100 கோடி டொலர் பெறுமதியான பங்குகளுக்கு வாங்கியது. பதிவேடு வைத்திருப்பதே எத்தகைய செல்வம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஒரே நிறுவனத்தின் ஏகபோகத்தை உடைக்க வேண்டும் எனப் பொஸ்டெல் கருதினார். 1996இல் 150 வரையிலான புதிய உயர்மட்ட ஆள்களங்களை உருவாக்கிப் பல நிறுவனங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் திட்டமொன்றை முன்வைத்தார். அது கடும் வாதப் பிரதிவாதங்களைக் கிளப்பியது. வர்த்தகச் சின்னங்களின் உரிமையாளர் அஞ்சினர். 1997 மே மாதம் ஜெனீவாவில் சர்வதேச ஏற்பாடொன்று கைச்சாத்திடப்பட்டபோது, தனது நிதியில் உருவான வலையமைப்பின் உச்சி தனது கையைவிட்டு நழுவுவதாக வொஷிங்டன் கருதியது.

இந்நிலையிலேயே பொஸ்டெலின் வாழ்வில் மிகவும் பேசப்பட்ட நிகழ்வு இடம்பெற்றது. பெயர் மரத்தின் வேரைத் தாங்கி நின்ற சேவையகங்களில், நெட்வேர்க் சொலூஷன்ஸ் வசமிருந்த முதன்மைச் சேவையகத்திலிருந்தே ஏனைய பன்னிரண்டும் பட்டியலைப் பெற்றுவந்தன. 1998ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் திகதி, அப்பன்னிரண்டில் எட்டினை இயக்கியோருக்குப் பொஸ்டெல் மின்னஞ்சல் அனுப்பினார். இனிமேல் பட்டியலைத் தமது நிறுவனத்தின் சேவையகத்திலிருந்து பெறுமாறு அவர் அதில் கேட்டுக்கொண்டார். எட்டுப் பேரும் மறுப்பின்றி இணங்கினர். அரசின் ஆணையோ நீதிமன்றத் தீர்ப்போ அவர் கையில் இருக்கவில்லை. இத்தனை ஆண்டு நேர்மையினால் அவர் ஈட்டிய நம்பிக்கை ஒன்றே அந்த மின்னஞ்சலின் பலம்.

பட்டியலில் ஓர் எழுத்தும் மாற்றப்படவில்லை. இணையப் பாவனையாளர் எவரும் வேறுபாட்டை உணரவில்லை. ஆயினும் வெள்ளை மாளிகை அதிர்ந்தது. ஜனாதிபதி கிளின்டனின் ஆலோசகர் ஐரா மகசினர் தலையிட்டார். ஒரு வாரத்துக்குள் பொஸ்டெல் பழைய ஒழுங்குக்குத் திரும்பினார். அது ஒரு பரிசோதனையே என்பது அவர் தந்த விளக்கம். அமெரிக்காவுக்கு விடுத்த எச்சரிக்கை அது என்போரும் உளர். வரம்பு மீறிய செயல் என்போரும் உளர்.

நாம் இதனை வீரச் செயலாக மாத்திரம் கொண்டாட விரும்பவில்லை. உலகின் பெயரேடு ஒரு தனிமனிதரின் நற்குணத்தில் தங்கியிருந்தது என்பது அவருக்குப் பெருமை, உலகுக்கு ஆபத்து. அவருக்குப் பதிலாக நேர்மையற்ற ஒருவர் அதே கதிரையில் அமர்ந்திருப்பின் என்ன நேர்ந்திருக்கும்? அதேவேளை, அந்த அதிகாரம் ஒரு வல்லரசின் திணைக்களத்தில் இருப்பது ஏனைய நாடுகளுக்கு எவ்வகையில் பாதுகாப்பு? இவ்விரு கேள்விகளுக்கும் இடையிலேயே தீர்வைத் தேட வேண்டியிருந்தது. பொஸ்டெலும் அதனை உணர்ந்திருந்தார் என்பதற்கு அவருடைய இறுதி மாதங்களே சாட்சி. தமது பொறுப்பை இலாப நோக்கற்ற ஓர் அமைப்பிடம் கையளிப்பதற்கான யாப்பை வரைவதில் அவர் அம்மாதங்களைச் செலவிட்டார். ஐகான் எனப்படும் அவ்வமைப்பு 1998 செப்டெம்பர் இறுதியில் கலிபோர்னியாவில் பதிவு செய்யப்பட்டது. ஒக்டோபர் 7ஆம் திகதி அமெரிக்கக் காங்கிரஸின் குழு முன்னிலையில் அவர் அதுபற்றிச் சாட்சியமளித்தார்.

அதற்கு ஒன்பது நாட்களின் பின்னர், ஒக்டோபர் 16ஆம் திகதி, இருதய சத்திர சிகிச்சையைத் தொடர்ந்து ஏற்பட்ட சிக்கல்களினால் லொஸ் ஏஞ்சல்ஸில் அவர் காலமானார். வயது 55. அவர் முப்பது ஆண்டுகள் பதிப்பித்த அதே ஆவண வரிசையில், 2468ஆம் இலக்கக் குறிப்பாக, பாடசாலை நண்பர் வின்ட் சேர்ஃப் எழுதிய அஞ்சலி வெளியானது. இணையச் சங்கம் 1999 முதல் அவர் பெயரால் விருதொன்றை வழங்கி வருகின்றது.

ஐகான் அமைப்பின் மீதான அமெரிக்க வர்த்தகத் திணைக்களத்தின் மேற்பார்வை 2016ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாம் திகதிதான் முடிவுக்கு வந்தது. பொஸ்டெல் 1998இல் ஒரு வாரம் செய்து பார்த்ததை உலகம் எட்டுவதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அவர் 1996இல் முன்வைத்த 150 பெயர்களைக் கண்டு அஞ்சிய உலகில் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயர்மட்ட ஆள்களங்கள் உள்ளன. ஆனால் 2012இல் புதிய ஆள்களம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கவே 185,000 டொலர் செலுத்த வேண்டியிருந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

நாடுகளின் குறியீடுகளும் செல்வமாகியுள்ளன. ரீ.வீ. என்ற குறியீட்டைப் பெற்ற பசுபிக் தீவு நாடான துவாலு, அதனைக் குத்தகைக்கு விட்ட வருமானத்தின் உதவியுடன் 2000ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையில் அங்கத்துவம் பெற்றது. செயற்கை நுண்ணறிவு அலையினால் ஏ.ஐ. என்ற குறியீட்டுக்குரிய கரிபியன் தீவான அங்குவிலா, 2023இல் மாத்திரம் மூன்று கோடி டொலருக்கு மேல் ஈட்டியது. அத்தீவு அரசின் மொத்த வருமானத்தில் அது ஐந்திலொரு பங்குக்கும் அதிகம். இவ்வருமானம் மக்களுக்கே பயன்படுமாயின், நம்பிக்கைப் பொறுப்பு என்ற பொஸ்டெலின் கருத்துக்கு அது முரணானதன்று.

மொழிகளுக்கும் கதவு திறந்தது. 2010 மே மாதத்தில் எகிப்து, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகியவற்றின் பெயர்கள் அரபு எழுத்திலேயே இணையத்தின் உச்சியில் இடம்பெற்றன. அதே ஆண்டில் இலங்கை என்ற பெயரும் தமிழ் எழுத்தில் உயர்மட்ட ஆள்களமாயிற்று. சிங்கள எழுத்தில் அமைந்த பெயரும் அதனோடு சமமாக நிற்கின்றது. இலத்தீன் எழுத்தைத் தவிர வேறெதையும் ஏற்காத முறைமையில் நமது மொழி பெற்ற இந்த இடத்தை நாம் எந்தளவுக்குப் பயன்படுத்துகின்றோம் என்பதை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பதிவேட்டைக் காப்பது எத்துணை முக்கியம் என்பதை 2021 பெப்ரவரி 6ஆம் திகதி இந்நாடு நேரில் கண்டது. அன்று எல்.கே. பெயர்கள் சில திசைதிருப்பப்பட்டு, அவற்றைத் தேடிச் சென்றோர் பெருந்தோட்டத் தொழிலாளரின் பிரச்சினை, ஊடக சுதந்திரம் முதலியவற்றைப் பேசும் பக்கமொன்றைக் கண்டனர். அங்கு எழுதப்பட்டிருந்த குறைகள் உண்மையானவையாயினும், பிறர் பெயரைக் கைப்பற்றி அவற்றைச் சொன்ன வழி ஏற்கத்தக்கதன்று. பதிவேட்டில் சில வரிகள் மாறினால் எவரது வாசலும் வேறெங்கோ திறக்கும் என்பதே அச்சம்பவம் தந்த பாடம்.

எமது சமூகங்களின் பாடசாலைகள், ஆலயங்கள், பள்ளிவாசல்கள், நலன்புரிச் சங்கங்கள் பலவற்றுக்கு இன்று இணையத்தளங்கள் உள்ளன. அவற்றின் பெயர்கள் யாருடைய பேரில் பதிவாகியுள்ளன என்று கேட்டால், பதில் சொல்லக்கூடியோர் மிகச் சிலரே. தளத்தை வடிவமைத்த இளைஞரின் பேரிலோ, வெளிநாடு சென்றுவிட்ட பழைய செயலாளரின் பேரிலோ அவை இருக்கக்கூடும். புதுப்பிக்கும் திகதி தவறினால் பல ஆண்டுகளாகப் பழகிய பெயர் முன்பின் அறியாதவர் கைக்குப் போய்விடும். மீட்க முனைந்தால் பெருந்தொகை கேட்பார்கள். பெயரை நிறுவனத்தின் பேரிலேயே பதிவு செய்வதும், கடவுச்சொல்லையும் காலாவதித் திகதியையும் கூட்டறிக்கையில் குறித்து வைப்பதும், பொறுப்பாளர் மாறும்போது அவற்றைக் கையளிப்பதும் அதிகச் செலவில்லாத காரியங்கள். காணி உறுதியைப் பெட்டகத்தில் வைத்துக் காக்கும் நிர்வாகங்கள் இதற்கும் அதே கவனத்தைச் செலுத்த வேண்டும்.

ஜொன் பொஸ்டெல் தமது கையிலிருந்த பெயர்களை விற்றிருந்தால் உலகின் பெருஞ்செல்வந்தருள் ஒருவராகியிருக்கலாம். அவர் ஒரு பல்கலைக்கழக ஆய்வாளராகவே வாழ்ந்து, ஒப்படைக்கப்பட்டதை ஒப்படைத்துவிட்டுச் சென்றார். பொதுச் சொத்துகளின் பொறுப்பில் அமர்வோர் யாவரும் ஒருமுறையேனும் அவருடைய வாழ்வை எண்ணிப் பார்ப்பது நன்று.